கள்ளக்குறிச்சி கற்றுத் தரும் பாடம்: தெரிந்த சேதி ஏன் போய்ச் சேரவில்லை?

வீட்டுக்குள் பாம்பு நுழைந்ததை ஒருவர் பார்த்து விட்டார். பார்த்தவர் யாரிடமும் சொல்லாமல் பாயை விரித்துப் படுத்து விட்டால் என்ன ஆகும்? அவருக்குத் தெரிந்த சேதியால் வீட்டில் யாருக்கும் பயன் இல்லை.

சர்க்கார் என்பதும் ஒரு பெரிய வீடுதான். அதில் பல இலாகாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இலாகாவிலும் பல ஆபீசுகள். ஒவ்வொரு ஆபீசிலும் பல நாற்காலிகள். ஒரு நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிந்த சேதி, அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும்?

கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பார்த்தால் அது தெரியும்.

கருணாபுரத்தில் ஓலம்

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி. கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம் என்று ஒரு பகுதி. அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள் பலர். பாக்கெட்டில் விற்ற சாராயத்தை வாங்கிப் பலர் குடித்தார்கள்.

பொழுது விடிந்தது. வயிற்று வலி என்றார் ஒருவர். கண் தெரியவில்லை என்றார் இன்னொருவர். வாந்தி எடுத்தபடியே ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி மட்டும் அல்ல. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டு ஓடினார்கள்.

200 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். 65 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்து நின்ற பிள்ளைகளும் உண்டு.

சர்க்கார் நடவடிக்கை எடுத்தது. கலெக்டர் மாற்றப்பட்டார். போலீஸ் சூப்பிரண்டு 'சஸ்பெண்டு' செய்யப்பட்டார். இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. ஜூன் 29-ந் தேதி சட்டசபையில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று சட்டம் கடுமை ஆயிற்று.

நவம்பர் 20-ந் தேதி, இந்த வழக்கை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதில் தலையிட டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு மறுத்து விட்டது.

குற்றவாளி யார், எவருக்கு என்ன தண்டனை என்பதைக் கோர்ட்டு சொல்லும். அது ஒரு பக்கம். ஆனால் கோர்ட்டு முடித்து வைக்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது.

இந்த விஷத்தைப் பற்றி சர்க்காருக்கு முன்பே தெரியாதா?

தெரியும்! நன்றாகவே தெரியும்!

ஒரே பழைய ஜில்லா, மூன்று சாவு!

2001-ம் ஆண்டின் கடைசியில், கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியில் விஷச்சாராயம் குடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

2023-ம் ஆண்டு மே மாதம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரிலும், அடுத்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி.

பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி. இந்த மூன்று பெயர்களையும் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "மூன்றும் தென்னாற்காடு ஜில்லாதானே!" என்பார்கள்.

உண்மைதான். 1993-ம் ஆண்டு தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்தது. கடலூர் ஒன்று, விழுப்புரம் ஒன்று. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று.

தனி மாவட்டம் வந்ததால் ஜனங்களுக்கு நன்மை உண்டு. கலெக்டர் ஆபீசுக்குப் போக விழுப்புரம் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. முன்பு ஒரே ரிக்கார்டு ரூமில் இருக்க வேண்டிய பாடம், இப்போது மூன்று ஊர் ரிக்கார்டு ரூம்களில் கிடக்கிறது. பண்ருட்டி சாவின் பாடம் கடலூரில். மரக்காணம் சாவின் பாடம் விழுப்புரத்தில். கள்ளக்குறிச்சி ஆபீசோ நேற்றுத் திறந்த ஆபீஸ்.

அது என்ன விஷம்?

பாடம் என்ன என்று பார்ப்பதற்கு முன், அந்த விஷத்தைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

அதன் பெயர் மெத்தனால். பெயிண்ட், வார்னீஷ், மருந்து, ரசாயனப் பொருள்கள் முதலியவற்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு அது தேவை. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். சாராயத்தில் கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

குடித்த உடனே அது கொல்லாது. அதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. முதலில் சாதாரண போதை மாதிரியே இருக்கும். குடித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கி விடுவார். உடம்புக்குள் ஈரல் அதை வேறு ஒரு அமிலமாக மாற்றும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், மூளையைத் தாக்கும். அரை நாள் அல்லது ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் எல்லாம் வரும்.

இதற்கு வைத்தியம் உண்டு. மெத்தனால் அமிலமாக மாறாமல் தடுக்க மருந்து இருக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரமும் இருக்கிறது. ஆனால் சீக்கிரம் போக வேண்டும். மணிக்கணக்குத்தான் இங்கே உயிர்க்கணக்கு. நோயாளி எதைக் குடித்தார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே இந்த விஷத்தின் விஷயத்தில் சேதியும் ஒரு மருந்துதான். "அதைக் குடிக்காதே! குடித்திருந்தால், நன்றாக இருக்கிறாய் என்று நினைத்து வீட்டில் இருக்காதே! ஆஸ்பத்திரிக்குப் போ!" என்ற சேதி எவ்வளவு சீக்கிரம் பரவுகிறதோ, அவ்வளவு உயிர் பிழைக்கும்.

கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது? முதல் நாளில், சாவுக்குக் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை அதிகாரிகள் ஒப்புக் கொள்ளவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

செத்தவரைப் பார்க்க வந்தவரும் செத்தார் என்றால், அங்கே தட்டுப்பட்டது மருந்து மட்டும் அல்ல. சேதியும் தட்டுப்பட்டது.

மலையைப் பார்த்தார்கள், தொழிற்சாலையை?

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. மலையாளிகள் என்று சொல்லப்படும் மலைவாழ் ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள். தேன், கடுக்காய், சாமை, மரவள்ளி இவைதான் அவர்கள் பிழைப்பு.

அந்த மலைக்கு இன்னொரு பெயரும் ஒட்டிக் கொண்டு விட்டது. அதுதான் சாராயம்! மரப்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் வைப்பது, ஓடைக்கரையில் காய்ச்சுவது, டியூப்பில் அடைத்துக் கீழே கொண்டு வருவது. இது பழைய கதை. போலீசார் மலை ஏறுவார்கள். ஊறலைக் கொட்டி அழிப்பார்கள். "இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு" என்று பத்திரிகையில் வரும். 2024-ம் ஆண்டு சாவுக்குப் பிறகும் போலீசார் மலை ஏறித் தேடினார்கள்.

ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மலையில் காய்ச்சிய சரக்கின் வேகம் அல்ல. அது தொழிற்சாலை மெத்தனால். அது மலையில் பிறக்காது. டின்னிலும் பீப்பாயிலும் ரோட்டு வழியாகத்தான் வரும்.

இது 2024-ல் கண்டுபிடித்த புதிய சங்கதியா? இல்லை. 2023-ம் ஆண்டு மே மாதமே, மரக்காணம் சாவுக்குப் பிறகு, தமிழ்நாட்டுப் போலீஸ் தலைமை வெளிப்படையாகவே சொன்னது. "இது காய்ச்சிய சாராயம் அல்ல. தொழிற்சாலையில் இருந்து திருட்டுத்தனமாக வந்த மெத்தனால்" என்பதுதான் அதன் சாரம்.

மெத்தனாலை யார் வைத்திருக்கலாம், யார் விற்கலாம் என்பதற்கு 1959-ம் ஆண்டிலேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். லைசென்சு வேண்டும். கணக்கு வேண்டும்.

விதி இருந்தது. அனுபவம் இருந்தது. ஓராண்டுக்கு முன்பு தலைமை இடத்துக்கே தெரிந்திருந்தது. அப்படியும் 13 மாதத்தில் அதே பழைய தென்னாற்காட்டில் அதே விஷம், மூன்று மடங்கு உயிரைக் கொண்டு போயிற்று.

பாடம் படித்தது ஒரு பள்ளிக்கூடம். பரீட்சை வந்தது இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு!

ஆபீஸ் எப்படி ஞாபகம் வைத்துக் கொள்கிறது?

மனிதனுக்கு மூளை இருக்கிறது. ஆபீசுக்கு? ஆபீசின் மூளை கட்டுக்கட்டாக இருக்கும் காகிதம்தான்.

நமது சர்க்கார் ஆபீசுகளில் காகிதத்தைக் காப்பாற்றுவதற்கு நல்ல ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே உண்டு. தபால் வந்தால் நம்பர் போட வேண்டும். ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் பதிவேட்டில் அதை எழுத வேண்டும். காரியம் முடிந்ததும், இந்தக் கட்டு ஒரு வருஷம் இருக்க வேண்டும், இது 3 வருஷம், இது 10 வருஷம், இது என்றைக்கும் என்று பிரித்து ரிக்கார்டு ரூமில் வைக்க வேண்டும்.

காகிதம் பத்திரமாக இருக்கும். ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, பயன்படுவது வேறு. பூட்டிய பெட்டியில் உள்ள விளக்கு இருட்டைப் போக்காது. கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த மாவட்டத்து சப்-இன்ஸ்பெக்டருக்கு யார் சொல்வது?

இன்னொரு வகை ஞாபகமும் உண்டு. அது காகிதத்தில் ஏறாது. மனிதர் தலையில்தான் இருக்கும்.

பழைய காலத்துக் கிராமக் கர்ணத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வயல் யாருடையது, எந்த வாய்க்கால் எந்த வருஷம் உடைந்தது, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் வழக்கு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதி கணக்கில் இருக்கும். பாதி அவர் தலையில் இருக்கும். தலையில் இருப்பதை அவர் வெளியே விட மாட்டார். அதுதான் அவருடைய செல்வாக்கு! ஜனங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தார்கள்.

1980-ம் ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். சர்க்கார் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பரீட்சை எழுதித் தேர்வான கிராம நிர்வாக அதிகாரிகள் பிறகு வந்தார்கள். அது நியாயமான சீர்திருத்தம். ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த ஊர்க் கணக்கு ஊருக்குச் சொந்தமாயிற்று. ஆனால் தலையில் இருந்த பாதி? அதைக் கேட்டு எழுதி வாங்கி இருந்தால்தான் கிடைத்திருக்கும்.

கல்வராயன் மலையின் கதை இன்னும் ஒரு படி மேல். அங்கே 1976-ம் ஆண்டு வரை ஜாகீர்தார்கள் அதிகாரம் செய்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்துத்தான் மலை நேராக சர்க்கார் கைக்கு வந்தது. கீழே உள்ள ஊர்களுக்கு நூறு வருஷத்துக் கணக்கு இருக்கிறது. மலைக்கு அப்படி இல்லை. மலை ஜனங்களின் நிலம், வழி, தேவை பற்றி ஆபீசுக்கு ஞாபகமே குறைவு.

கருணாபுரம் சாவுக்குப் பிறகுதான் 2024-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன் வந்து மலை ஜனங்களின் நிலைமையை வழக்காக எடுத்துக் கொண்டது. ரோடு எங்கே, ரேஷன் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று இலாகாக்களைக் கேட்டது. கோர்ட்டு கேட்ட பிறகு அறிக்கை தயார் ஆகிறது என்றால், கேட்பதற்கு முன் அந்த விவரம் ஒரே இடத்தில் சேர்ந்து இல்லை என்றுதானே அர்த்தம்?

ஐந்து இலாகா; ஐந்து துண்டு

ஒரு கள்ளச்சாராய விஷயத்தில் எத்தனை இலாகாவுக்குச் சம்பந்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

யார் விற்கிறார் என்பது போலீசுக்குத் தெரியும். பழைய குற்றவாளிகளின் பெயர் 'கேடி' பதிவேட்டில் இருக்கும்.

மெத்தனால் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது என்பது மதுவிலக்கு ஆயத்தீர்வை இலாகாவின் கணக்கில் இருக்கும்.

எந்தத் தெருவில் மாலையில் கூட்டம் கூடுகிறது என்பது கிராம நிர்வாக அதிகாரிக்கும் தலையாரிக்கும் தெரியும்.

மலையில் எந்த ஓடைப் பக்கம் புகை எழுகிறது என்பது காட்டு இலாகா காவலருக்குத் தெரியும்.

கண் மங்கி, வயிற்று வலியோடு வழக்கத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள் என்பது ஆஸ்பத்திரி நர்சுக்குத்தான் முதலில் தெரியும்.

ஐந்து பேரிடம் ஐந்து துண்டு. துண்டுகளைச் சேர்த்து வைத்தால் பாம்பின் உருவம் தெரிந்து விடும். சேர்க்காவிட்டால் ஆளுக்கு ஒரு கயிறுதான்!

கூட்டம் போடவில்லையா என்றால், கூட்டம் இல்லாமல் இல்லை. மாவட்டத்தில் கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. ஆனால் கூட்டத்தில் பேசப்படுவது பெரும்பாலும் என்ன? எத்தனை வழக்கு, எத்தனை லிட்டர், எத்தனை பேர் கைது என்ற எண்கள். எண் நன்றாக இருந்தால் பாராட்டு. "ஐயா, என் பகுதியில் நிலைமை சரி இல்லை. புதுச் சரக்கு ஒன்று வருகிறது" என்று ஒருவர் எழுந்து சொன்னால்? "நீ என்ன செய்து கொண்டு இருந்தாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

கெட்ட சேதி கொண்டு வந்தவனுக்கு அடி விழும் வீட்டில், பிள்ளைகள் நல்ல சேதி மட்டுமே சொல்வார்கள். இலாகாவும் அப்படித்தான்.

எல்லைக் கோடும் ஒரு தொந்தரவு. கல்வராயன் மலை ஒரு மாவட்டத்தோடு நிற்பதில்லை. மேற்கே சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கிறது. இந்த எல்லைத் தொல்லை இன்று நேற்றையது அல்ல. 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சர்க்கார் இந்தியாவிலேயே முன்னோடியாக சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டு வந்தது. மலைக்கு மேற்கே மதுவிலக்கு. கிழக்கே தென்னாற்காட்டில் அப்போது கடை திறந்திருந்தது! சாராயக் குடத்துக்கு எல்லைக் கல் தெரியாது. போலீஸ் டைரிக்கு மட்டும் தெரியும்.

ரகசியம் வெளியே போய் விடாதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "எல்லோருக்கும் எல்லாம் சொன்னால் காரியம் கெட்டு விடாதா? நாளைக்கு ரெய்டு என்று ஐந்து இலாகாவுக்கும் தெரிந்தால், சாராயக்காரனுக்கும் இன்று இரவே தெரிந்து விடுமே!"

உண்மை. ரகசியமாக இருக்க வேண்டியவை உண்டு. துப்புக் கொடுத்தவர் பெயர் ரகசியம். ரெய்டு போகும் நாள் ரகசியம். துப்புக் கொடுத்த ஏழையைக் காட்டிக் கொடுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து. பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆனால் "தொழிற்சாலை மெத்தனால் சாராயத்தில் கலக்கிறது, அதன் அறிகுறி இது, மருந்து இது, டின் வரும் வழி இது" என்பதில் என்ன ரகசியம்? இதை மறைத்தால் லாபம் விஷம் விற்பவனுக்கு மட்டுமே. ஆளின் பெயரை மூடி வை. ஆபத்தின் பெயரைத் திறந்து சொல். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாததுதான் பல ஆபீசுகளின் பழைய வியாதி.

நம் வீட்டிலேயே நல்ல உதாரணம்

இது முடியாத காரியமா? முடியும். நமது தமிழ்நாட்டு சர்க்காரிலேயே ஒரு இலாகா செய்து காட்டி இருக்கிறது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன செய்வது? முன்பெல்லாம் "விதி" என்று விட்டு விடுவார்கள். 1990-களில் இருந்து தமிழ்நாட்டுச் சுகாதார இலாகா அப்படி விடவில்லை. பிரசவ சம்பந்தமாக எந்தத் தாய் எங்கே இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தினார்கள். வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். வலி எப்போது எடுத்தது? வண்டி எப்போது கிடைத்தது? எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை? மாவட்டத்தில் கலெக்டர் முன்னிலையில் அதை ஆராய்ந்தார்கள்.

முக்கியமான விஷயம் என்ன? யாரைத் தூக்கில் போடலாம் என்பதற்காக அந்த ஆராய்ச்சி அல்ல. அடுத்த தாயைக் காப்பாற்ற என்ன வழி என்பதற்காக. அதனால் நர்சும் டாக்டரும் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிந்தது. ஓர் ஊரில் தெரிந்த குறை எல்லா ஊரிலும் திருத்தப்பட்டது.

பலன்? 2018 முதல் 2020 வரை எடுத்த கணக்கில், ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல நர்சு, நல்ல ரோடு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சாவிலும் பாடம் கேட்ட பழக்கமும் அதில் ஒரு காரணம்.

ஒரு தாயின் சாவுக்குக் காட்டிய அக்கறையை, ஒரு கூலிக்காரரின் சாவுக்கும் காட்ட முடியாதா?

கடல் கடந்து போன பாடம்

வெளிநாட்டிலும் இதே விஷம் கொன்றிருக்கிறது. 2012-ம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் உள்ள செக் நாட்டில் மெத்தனால் கலந்த மது குடித்துப் பலர் இறந்தார்கள். அந்த சர்க்கார் என்ன செய்தது? செப்டம்பர் 14-ந் தேதி, நாடு முழுவதும் கடுமையான மது வகைகள் அனைத்தின் விற்பனையையும் நிறுத்தி விட்டது. வரி நஷ்டம் என்று பார்க்கவில்லை. குழந்தை முதல் கிழவர் வரை எல்லோர் காதிலும் சேதி விழுந்தது.

அதற்கு முன்பே நார்வே நாட்டில் 2002 முதல் 2004 வரை மெத்தனால் சாவு நடந்திருந்தது. அந்த நாட்டு டாக்டர்கள் அதை ஆராய்ந்து எழுதி வைத்திருந்தார்கள். செக் நாட்டில் ஆபத்து என்றதும், நார்வேயில் இருந்து யோசனையும் போயிற்று, மருந்தும் போயிற்று.

பாஷை வேறு, கொடி வேறான இரண்டு நாட்டுக்கு நடுவே பாடம் பயணம் செய்தது. மரக்காணத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே உள்ளது சில மணி நேர பஸ் பயணம்தான்!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது, டெலிபோன் எல்லோர் கையிலும் இருக்கிறது. பழக்கம்தான் வேண்டும்.

ஒன்று: இப்படி ஒரு பெரிய சாவு நடந்தால், என்ன நடந்தது, எப்படி நடந்தது, எதைக் கோட்டை விட்டோம் என்று நாலு பக்கம் எளிய தமிழில் எழுத வேண்டும். அது எல்லா மாவட்டத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும், தாலுகா ஆபீசுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். போனால் போதாது. படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: ஓர் அதிகாரி மாறிப் போகும்போது சாவியும் முத்திரையும் ஒப்படைக்கிறார். அதோடு, "இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவை இவை, நான் செய்யாமல் விட்டவை இவை" என்று ஒரு குறிப்பும் எழுதி ஒப்படைக்க வேண்டும். தப்புக்காக மாற்றப்படுகிறவரிடம் இதை இன்னும் கட்டாயமாக வாங்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டால், புதிதாக வருகிறவர் அ, ஆவில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று: தலையாரியும் நர்சும் கொடுத்த தகவலுக்கு மேலே இருந்து பதில் வர வேண்டும். "கிடைத்தது, இதைச் செய்தோம்" என்று ஒரு வரி போதும். பதில் வராத இடத்துக்கு இரண்டாவது கடிதம் யாரும் எழுத மாட்டார்கள்.

நான்கு: ஒரே மலையைப் பங்கு போட்டுக் கொண்டிருக்கும் மாவட்டங்கள் மாதம் ஒரு முறையாவது சேர்ந்து உட்கார்ந்து, லிட்டர் கணக்கை விட்டு விட்டு, புதிதாக என்ன தெரிந்தது என்று பேச வேண்டும்.

ஐந்து: சந்தேகம் வந்த முதல் மணி நேரத்திலேயே ஜனங்களுக்குத் தண்டோரா போட வேண்டும். சந்தேகம் பொய்யாகி விட்டால் சர்க்காருக்குச் சிறிது வெட்கம். உண்மையாகி விட்டால் பல உயிர் மிச்சம்.

ஜனங்களுக்கும் பங்கு உண்டு

2005-ம் ஆண்டு வந்த தகவல் உரிமைச் சட்டம், சர்க்கார் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைச் சாதாரண ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கேட்டால் கொடுப்பது மட்டும் அல்ல. கேட்காமலே பல விவரங்களை வெளியிட வேண்டும் என்றும், ரிக்கார்டுகளை வரிசைப்படுத்தி வைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்கூட ஒரு வெள்ளைக் காகிதத்தில் மனு எழுதிக் கேட்கலாம்.

மலையில் ரோடு போடத் திட்டம் என்ன ஆயிற்று? எங்கள் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா? 2023-ல் கற்ற பாடம் என்ன, அது எந்தெந்த ஸ்டேஷனுக்குப் போயிற்று? இவை கேட்க வேண்டிய கேள்விகள். கேட்கிற ஜனங்கள் இருந்தால்தான் ஆபீசுக்கு ஞாபக சக்தி வளரும்.

சட்டசபை தண்டனையைக் கூட்டி விட்டது. நல்லது. ஆயுள் தண்டனைக்குப் பயந்து சிலர் விலகலாம். ஆனால் தண்டனை என்பது சாவு நடந்த பிறகு வருவது. சேதி என்பது சாவுக்கு முன்னால் வரக்கூடியது.

கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கு சர்க்கார் பணம் கொடுத்தது. படிக்க வைப்பதாகச் சொன்னது. அதைச் செய்வது கடமை. இன்னொரு கடமையும் பாக்கி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எப்படிச் செத்தார்கள் என்ற முழு விவரமும், கள்ளக்குறிச்சி ரிக்கார்டு ரூமில் ஒரு கட்டாகத் தூங்காமல், கன்னியாகுமரி வரை உள்ள ஒவ்வொரு ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டருக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரி நர்சுக்கும் மனப்பாடம் ஆக வேண்டும்.